குளிரறைக்குள் இரண்டாயிரம் பேர்

ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது கண்ணாடியைப் பற்றித்தான். 2.34 மீட்டர் விட்டம், வைணு பாப்புவின் பெயர், 1986 முதல் இயங்குவது என்று எல்லாம் சொல்வார்கள். அந்தக் கண்ணாடி திரட்டிக் கொடுக்கும் ஒளியை வாங்கிப் பதிவு செய்யும் சில்லைப் பற்றி அதிகம் பேர் கேட்பதில்லை. அது வாழ்வதோ கடுங்குளிரில். சாதாரண வெப்பத்தில் அதை விட்டுவைத்தால், விண்மீன் ஒளி ஒரு துளிகூடப் படாமலே அதற்குள் எலெக்ட்ரான்கள் கிளம்பித் திரியும்; மங்கலான விண்மீனின் சுவடு அந்த இரைச்சலில் கரைந்துபோகும். அதனால் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு சில்லைக் குளிர்விக்கிறார்கள். நைட்ரஜன் இருப்பது இரட்டைச் சுவர்க் குடுவைக்குள். இரண்டு சுவர்களுக்கும் நடுவே வெற்றிடம்.

மலையடிவார டீக்கடையில் இருக்கிற பிளாஸ்க்கும் அடிப்படையில் இதே குடுவைதான். ஒன்றில் உள்ளே சூடு, வெளியே குளிர். மற்றதில் வெளியே சூடு, உள்ளே குளிர். குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பம் இருக்கிறது, அது கூடுகிறது அல்லது குறைகிறது. வெப்பத்தடுப்புச் சுவர் செய்யும் ஒரே வேலை, இந்தப் பக்கத்து வெப்பம் அந்தப் பக்கம் போவதைத் தாமதப்படுத்துவது. எந்தப் பக்கம் நமக்கு வேண்டிய பக்கம் என்பது அதற்குத் தெரியாது.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி, சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில் இந்தப் பௌதிகம் இரண்டாயிரம் மனிதர்களின் மூச்சுப் பிரச்சினையாக மாறியது. கப்பலின் பெயர் எம்பயர் ஸ்டார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உறைய வைத்த இறைச்சியை லண்டனுக்குக் கொண்டுபோவதற்காகக் கட்டப்பட்ட குளிர்பதனச் சரக்குக் கப்பல் அது.

அதன் கதைக்குள் நுழையுமுன் குளிர்க்கப்பல் என்பது எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

குளிரைக் கடல் கடந்து கொண்டுபோகும் வித்தையை முதலில் அனுபவித்த ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து டியூடர் என்ற வியாபாரி அனுப்பிய ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த கட்டடம். அந்தப் பனிக்கட்டி மாதக்கணக்கில் வெப்பக் கடல்களைத் தாண்டி வந்தது எந்த இயந்திரத்தின் உதவியாலும் அல்ல. மரத்தூளால் பொதிந்து, ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கினார்கள், அவ்வளவுதான். ஒரு பங்கு கரைந்து போகும், மீதி வந்து சேரும். இயந்திரமே இல்லாமல் வெறும் சுவரை மட்டும் நம்பிய குளிர்க்கப்பல்கள் அவை.

சுவரோடு இயந்திரமும் சேர்ந்தது அடுத்த தலைமுறையில். 1882 பிப்ரவரியில் டுனேடின் என்ற பாய்மரக் கப்பல் ஏறக்குறைய 5,000 ஆட்டுடல்களை உறைய வைத்து ஏற்றிக்கொண்டு நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. காற்றால் ஓடும் கப்பலில், குளிருக்கென்று மட்டும் ஒரு நீராவி இயந்திரம். காற்றை அழுத்தி, ஆறவைத்து, விரிய விட்டுக் குளிர்விக்கும் முறை. வெப்ப மண்டலத்தில் காற்று விழுந்து கப்பல் நின்றபோது, குளிர்ந்த காற்று சரக்கறை முழுவதும் சமமாகப் பரவவில்லை. கேப்டன் விட்சன் தானே குளிர்க்காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்துபோய், காற்று பரவ வழி வெட்டினார். உள்ளேயே உறைந்து செயலிழந்த அவரை, காலில் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். சுமார் 98 நாள் பயணத்துக்குப் பின் லண்டனில் சரக்கை இறக்கிப் பார்த்தபோது ஒரே ஒரு ஆட்டுடல்தான் கெட்டிருந்தது. அன்றிலிருந்து இங்கிலாந்தின் சாப்பாட்டு மேசை பூமியின் மறுகோடி வரைக்கும் நீண்டுவிட்டது.

பின்னால் வந்த பிரிட்டிஷ் குளிர்க்கப்பல்களில் பரவலாக இருந்தது கரியமில வாயு இயந்திரம். வாயுவைக் கம்ப்ரசரில் அழுத்தினால் சூடாகிறது. அந்தச் சூட்டைக் கடல்நீரால் ஆற்றினால் வாயு திரவமாகிறது. திரவத்தைச் சிறு துவாரம் வழியாக அழுத்தம் குறைந்த குழாய்க்குள் விட்டால் அது கொதித்து மறுபடி வாயுவாகிறது. கொதிக்க வெப்பம் வேண்டும். அதைப் பக்கத்தில் ஓடும் உப்புக்கரைசலிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. கால்சியம் குளோரைடு கரைந்த அந்த நீர் பூச்சியத்துக்குக் கீழேயும் உறையாமல் ஓடி, சரக்கறைச் சுவர்களில் வரிவரியாகப் பதித்த குழாய்களைச் சுற்றிவந்து, இறைச்சியிடமிருந்து வெப்பத்தை வாங்கிவருகிறது. ஆக, குளிர்க்கப்பல் தன் பயணம் நெடுகச் சரக்கறை வெப்பத்தை அள்ளிக் கடலில் கொட்டிக்கொண்டே போகிறது.

அமோனியா இதைவிடத் திறமையாக வேலை செய்யும். ஆனால் மூடிய கப்பலுக்குள் அமோனியா கசிந்தால் ஆளைக் கொல்லும். கரியமில வாயு அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்றுதான் கடலோடிகள் அதைத் தேர்ந்தார்கள். அதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கரியமில வாயுவுக்கு 31 டிகிரி ஒரு லட்சுமணக் கோடு. அந்த வெப்பத்துக்கு மேலே போய்விட்டால், எத்தனை அழுத்தம் கொடுத்தாலும் அது திரவமாகாது. லண்டன் தேம்ஸில் நிற்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. சிங்கப்பூரிலோ கொழும்பிலோ கடல்நீரே 28, 29 டிகிரி இருக்கும். கடல்நீரால் ஆற்றப்படும் வாயு அந்த நீரைவிட நாலைந்து டிகிரி சூடாகத்தான் இருக்க முடியும். அதாவது, குளிர் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் இயந்திரம் கோட்டைத் தாண்டித் தடுமாறும். 70 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே தம் பிடித்து ஓடினாலும், ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் குளிர் குறைந்துபோகும். நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாட்களில் குளிர்ப் பொறியாளர்கள் அழுத்தமானியைவிட்டுக் கண்ணெடுக்க முடியாததற்கு இதுதான் காரணம். ஓசோனுக்கும் பருவநிலைக்கும் கேடு செய்யும் வாயுக்களை ஒதுக்கிவிட்டு உலகம் இன்று மறுபடி கரியமில வாயுக் குளிர்பதனத்துக்குத் திரும்புகிறது. நம் நாட்டு வெயிலில் அதை எப்படி ஓட்டுவது என்ற ஆராய்ச்சியின் நடுவே நிற்பதும் அந்த 31 டிகிரிதான்.

இயந்திரம் இப்படித் தடுமாறும் இடங்களில் காப்பாற்றுவது சுவர். இரும்பு உடலுக்கு உட்புறம் கால் மீட்டர் அளவுக்குத் தக்கைத் துகள் போன்ற வெப்பத்தடுப்புப் பொருளைத் திணித்து, அதன்மேல் பலகை அடித்திருப்பார்கள். வெளியே 30 டிகிரி, உள்ளே மைனஸ் 10 என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக உள்ளே கசிவது வெறும் 7 வாட். இரும்புச் சட்டங்கள் குறுக்கே போவதால் உண்மையில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். அப்படியே ஆனாலும் பாருங்கள்: 1,000 டன் உறைந்த இறைச்சி இருக்கும் அறைக்குள் 20 கிலோவாட் வெப்பம் கசிகிறது, இயந்திரமோ நின்றுவிட்டது என்று கொண்டால், அந்த இறைச்சியின் வெப்பம் சராசரியாக ஒரு டிகிரி ஏற ஒரு நாளுக்கு மேல் ஆகும். குண்டு விழுந்து கம்ப்ரசர் நின்று, அதைப் பிரித்து மாட்டி மறுபடி ஓட்டுவதற்குள் சரக்கு ஒன்றும் ஆகிவிடாது. செத்த உடல் தானாக வெப்பம் உண்டாக்குவதில்லை, மூச்சு விடுவதில்லை. அதனால்தான் அந்த அறைக்குக் காற்று வழியும் தேவைப்படவில்லை.

எம்பயர் ஸ்டார் 1935-இல் பெல்ஃபாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளத்தில் கட்டப்பட்டது. டைட்டானிக்கைக் கட்டிய அதே தளம். புளூ ஸ்டார் கம்பெனிக்குச் சொந்தமான கப்பல். 11,000 டன்னுக்கு மேல். சுமார் 160 மீட்டர் நீளம். இரட்டை டீசல் இயந்திரம், இரட்டைச் சுழலி. அன்றைய சாதாரணச் சரக்குக் கப்பல் மணிக்கு 10 கடல்மைல் ஓடினால் பெரிது. இது 16 ஓடும். நிலக்கரியோ கோதுமையோ ஏற்றும் முதலாளிக்கு இவ்வளவு வேகம் வீண் செலவு. இறைச்சி ஏற்றுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் பணம். அழுகும் சரக்குதான் இந்தக் கப்பலுக்கு வேகத்தைக் கொடுத்தது. ஆட்டிறைச்சிக்கு ஒரு குளிர், பழத்துக்கு ஒரு குளிர், வெண்ணெய்க்கு ஒரு குளிர் என்பதால் சரக்கறைகளும் பல தனித்தனி அறைகளாகப் பிரிந்திருந்தன.

போர் வந்தது. 1940 மார்ச்சில் பிரிட்டன் இறைச்சிக்கு ரேஷன் போட்டது. நீர்மூழ்கிகள் கப்பல்களை ஒவ்வொன்றாக விழுங்க, மிஞ்சிய குளிரறைகளில் ஒரு கன அடியைக்கூட வீணாக்க மனம் வரவில்லை அவர்களுக்கு. எலும்பை நீக்கினார்கள், ஆட்டுடலை மடக்கி ஒன்றுக்குள் ஒன்று செருகினார்கள். இத்தனை கவனத்தோடு ஒரு தீவின் சாப்பாட்டைக் காத்த அதே அரசு, 1943 ஜனவரியில் தன் இறக்குமதிக்காக இந்தியப் பெருங்கடலுக்கு வரும் கப்பல்களை வெட்டிக் குறைத்தது. அந்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சத்தால் செத்தவர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். குளிர்க்கப்பல்களின் வீரத்தை எழுதும்போது இதையும் எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

1942 தொடக்கத்தில் எம்பயர் ஸ்டார் போர்ச் சரக்கோடு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. அந்த ஊருக்குக் குளிர்க்கப்பல்கள் புதிதல்ல. ஆஸ்திரேலிய இறைச்சியை வெள்ளைக்காரர் வீடுகளுக்கு விற்க 1903-இலேயே சிங்கப்பூர் கோல்டு ஸ்டோரேஜ் கம்பெனி தொடங்கப்பட்டிருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, சேலம், தென்னாற்காட்டோடு ஜவ்வாது மலை அடங்கிய வட ஆற்காடும் உண்டு. நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் தங்கி, கப்பலின் மேல்தள டிக்கெட்டில் கடல் தாண்டிப்போனவர்கள் அவர்கள்.

ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கிவந்தபோது யாருக்குக் கப்பல், யாருக்கு இல்லை என்பது 1941 டிசம்பரிலேயே பினாங்கில் தெரிந்துவிட்டது. அங்கிருந்த ஐரோப்பியர்களை இரவோடு இரவாக அழைத்துக்கொண்டு ஆங்கிலேய நிர்வாகம் வெளியேறியது. ஊர் மக்கள் அப்படியே விடப்பட்டார்கள். அந்த ஊரை எடுத்து நடத்தக் குழு அமைத்து, கோட்டைக் கம்பத்தில் இன்னும் பறந்துகொண்டிருந்த ஆங்கிலக் கொடியை இறக்கி, இனி இங்கே குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் செய்தி சொன்னவர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. எம்பயர் ஸ்டாரில் இடம் கிடைத்தவர்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ் விமானப்படையினர், படை ஆட்கள், ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர், ஐரோப்பியப் பெண்கள், குழந்தைகள்.

அந்தக் கப்பலில் பயணிகளுக்கு இருந்த படுக்கைகள் இருபதுகூட இல்லை. பிப்ரவரி 11-ஆம் தேதி இரவு அதில் ஏறியவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். 2,160 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. மேல்தளம் நிரம்பியது, மீதிப் பேர் சரக்கறைகளுக்குள் இறங்கினார்கள்.

இறைச்சி அடுக்கிய அறையில் ஆட்கள் இறங்கினால் என்ன ஆகும்? 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 150 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடும். 150 பேருக்கு 15 கிலோவாட். அந்த வெப்பம் முழுவதையும் அறைக் காற்று மட்டுமே வாங்கிக்கொள்வதானால், ஒரு டிகிரி ஏற ஒரு நிமிடம்கூட ஆகாது. பலகைகளும் துணிகளும் உடல்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், வியர்வை ஆவியாகிக் கொஞ்சம் எடுத்துப்போகும். பிறகு? சுவர் வழியாக வெளியேற வேண்டும். கால் மீட்டர் தக்கை அதற்கு இடம் கொடுக்காது. அறையின் ஆறு பக்கங்களையும் சேர்த்து 450 சதுர மீட்டர். அவ்வளவு பரப்பு வழியாக 15 கிலோவாட் வெளியேற வேண்டுமானால், உள்ளே இருக்கும் வெப்பம் வெளியைவிட 180 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கை முதலில் போட்டபோது நம்பாமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். எண் மாறவில்லை. குளிரைக் காக்க எழுப்பிய சுவர், மனிதச் சூட்டையும் அதே அளவு பத்திரமாகக் காத்துவைக்கிறது.

மூச்சின் கணக்கும் இதே வழியில்தான் போகிறது. ஒருவர் மணிக்கு 18, 20 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். இந்த அறையில் ஒருவருக்கு 3 கன மீட்டர் காற்றுதான் பங்கு. மணிக்கு 0.6 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். ஐந்தாறு மணி நேரத்தில் தலைவலி, மேல்மூச்சு. இயந்திர அறையில் குளிரை உண்டாக்கும் அதே வாயு, இங்கே மனிதர்களின் நெஞ்சிலிருந்து வந்து அறையை நிறைக்கிறது. மூடிய இறைச்சியறையில் ஆட்களை உயிரோடு வைக்க ஒரே வழி, தலைக்கு மேலே இருக்கும் சரக்கு வாயைத் திறந்து வைப்பது. திறந்த வாய் வழியாகக் காற்று வரும். விமானம் வந்தால் சிதறும் இரும்புத் துண்டும் தீப்பொறியும் அதே வழியாக வரும்.

விமானங்கள் வந்தன.

கேப்டன் செல்வின் கேப்பன் விடியலில் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினார். துணைக்கு டர்பன் என்ற போர்க்கப்பல். காலை 9 மணியைத் தாண்டி, சிங்கப்பூருக்குத் தெற்கே டூரியான் நீரிணையில் போய்க்கொண்டிருந்தபோது ஆறு ஜப்பானிய விமானங்கள் பாய்ந்து இறங்கின. மூன்று குண்டுகள் கப்பல்மேல் நேராக விழுந்தன. 14 பேர் செத்தார்கள், 17 பேர் படுகாயம் அடைந்தார்கள். கப்பலில் மூண்ட தீயை மாலுமிகள் அணைத்தார்கள். மேல்தளத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த மார்கரெட் ஆண்டர்சன், வேரா டார்னி என்ற இரண்டு செவிலியர், விமானம் தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே வந்தபோது நோயாளிகளின் மேலே தங்கள் உடம்பைப் போட்டு மறைத்தார்கள். ஆண்டர்சனுக்குப் பிறகு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது, டார்னிக்கு எம்.பி.இ. விருது.

அதன்பின் பெரிய விமானங்கள் கூட்டங்கூட்டமாக வந்து, உயரத்திலிருந்தே குண்டுகளைப் போட்டன. நண்பகல் தாண்டும் வரை விட்டு விட்டுத் தாக்குதல். ஒரு குண்டும் நேராக விழவில்லை; கப்பலின் பக்கத்திலேயே விழுந்து நீரைக் கிளப்பியவை பல. கேப்பன் மேலே பார்த்தபடி கப்பலை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தார். 2,000 மீட்டர் உயரத்தில் விடப்படும் குண்டு கடலைத் தொட ஏறக்குறைய 20 விநாடி ஆகும். 16 கடல்மைல் வேகத்தில் ஓடும் கப்பல் அந்த 20 விநாடியில் 165 மீட்டர் தாண்டிவிடும். எம்பயர் ஸ்டாரின் முழு நீளமே 160 மீட்டர்தான். குண்டு விமானத்தை விட்டுப் பிரிந்தபின் கப்பல் திரும்பத் தொடங்கினால், குறி வைத்த இடத்தில் வெறும் கடல்தான் இருக்கும். 10 கடல்மைல் ஓடும் கப்பலாக இருந்தால், அதே நேரத்தில் தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நகர்ந்திருக்கும். வால்பகுதி குண்டுக்குக் கீழேயே மாட்டிக்கொள்ளும். ஆட்டிறைச்சி அழுகக் கூடாது என்று பெல்ஃபாஸ்டில் பொருத்திய டீசல் இயந்திரங்கள் கொடுத்த அந்த அறுபது மீட்டர், இரண்டாயிரம் பேரின் உயிர்.

பட்டேவியா துறைமுகம் சேர்ந்து, தற்காலிகமாகப் பழுது பார்த்து, பிப்ரவரி 23-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டலில் எம்பயர் ஸ்டார் கரைசேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்த மற்ற ஆஸ்திரேலியச் செவிலியர் 65 பேர், அதே 12-ஆம் தேதி வைனர் புரூக் என்ற சிறிய கப்பலில் கிளம்பியிருந்தார்கள். அது 14-ஆம் தேதி குண்டு பட்டு மூழ்கியது. கரையேறியவர்களில் 22 செவிலியரை பங்கா தீவின் கடலோரத்தில் நிறுத்திச் சுட்டார்கள் ஜப்பானியர். பிழைத்தவர் விவியன் புல்விங்கிள் ஒருவரே.

கப்பலே கிடைக்காதவர்களின் கதை இன்னும் நீளமானது. 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த ஆண்டுக்குள், மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போட ஓட்டிப்போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கே மடிந்தவர்களில் பெரும்பாலோர்க்குப் பெயர் எழுதிய கல்கூடக் கிடையாது. அதே பாதையில் செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பராமரிக்கப்படும் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. எம்பயர் ஸ்டாரின் பயணிகள் எண்ணிக்கையை நான்கு இலக்கத்தில் சொல்ல முடிகிறது. இவர்கள் எத்தனை பேர் என்பதை இன்றும் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கப்பலின் உடன்பிறப்புகள் அதே ஆண்டில் வேறொரு கடலில் தேவைப்பட்டன. மத்தியதரைக் கடலில் மால்டா தீவு பட்டினியின் விளிம்பில் நின்றது. 1942 ஆகஸ்டில் 14 வணிகக் கப்பல்களைப் பெரும் போர்க்கப்பல் பாதுகாப்போடு அனுப்பினார்கள். மெதுவாக ஓடும் கப்பலுக்கு அங்கே வேலையில்லை. ஆகவே தேடிப்பிடித்ததில் பெரும்பாலானவை வேகமான குளிர்க்கப்பல்கள். அவற்றின் குளிரறைகளில் மாவும் வெடிமருந்தும் பெட்ரோல் டின்களும் ஏறின. ஒன்பது கப்பல்கள் மூழ்கின. போய்ச் சேர்ந்தவை ஐந்து. அவற்றில் ஓஹையோ எண்ணெய்க் கப்பல். மற்ற நான்கும், போர்ட் சால்மர்ஸ், ரோச்செஸ்டர் காசில், மெல்போர்ன் ஸ்டார், பிரிஸ்பேன் ஸ்டார், குளிர்க்கப்பல்கள்தான். கடைசி இரண்டும் எம்பயர் ஸ்டாரின் சகோதரிகள். பிரிஸ்பேன் ஸ்டார் டார்பிடோ தாக்கி முகப்பு பிளந்த நிலையில், கூட்டத்திலிருந்து பிரிந்து, துனீசியக் கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்து தனியாகப் போய்ச் சேர்ந்தது. தனித்தனி அறைகளாகப் பிரித்துக் கட்டிய உடல் என்பதால், முன்னறை நிறைந்த நீர் அங்கேயே நின்றது. தக்கை அடைத்த சுவர்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தக்கை இருக்கிற இடத்தில் நீருக்கு இடம் குறைவு என்பது மட்டும் நிச்சயம்.

எம்பயர் ஸ்டாருக்கு அந்த அதிர்ஷ்டம் இரண்டாம் முறை வாய்க்கவில்லை. வேகமான கப்பல் என்பதால் லிவர்பூலிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் துணையின்றித் தனியே போய்க்கொண்டிருந்தபோது, 1942 அக்டோபர் 23-ஆம் தேதி, அசோர்ஸ் தீவுகளுக்கு வடக்கே யு-615 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் அதை மூழ்கடித்தன. 42 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர்ப் பயணத்துக்காக சி.பி.இ. விருது பெற்ற கேப்பன் ஏறிய உயிர்காப்புப் படகு கடைசிவரை கிடைக்கவில்லை. மெல்போர்ன் ஸ்டார் 1943 ஏப்ரலில் அட்லாண்டிக்கில் மூழ்கியது. தெப்பத்தில் 38 நாள் மிதந்த நான்கு பேர் மட்டும் மீண்டார்கள். பிரிஸ்பேன் ஸ்டார் முகப்பைச் சரிசெய்துகொண்டு போரைத் தாண்டிப் பிழைத்தது. 1960-களின் தொடக்கத்தில் உடைக்கப்படும் வரை, தான் கட்டப்பட்ட வேலையையே, இறைச்சி ஏற்றும் வேலையையே, செய்துகொண்டிருந்தது.